சித்தி வீட்டு 'உர்ர்ர்'

மாம்பலத்தில் இருக்கும் என் சித்தியிடம் ஒரு காஸெட் இருக்கிறது. 1981-ஆம் வருஷத்து நவராத்திரியில் அவள் கொலுவுக்கு முன் உட்கார்ந்து பாடியதைச் சித்தப்பா பதிவு செய்தது. பாட்டு முடிந்ததும் மெள்ள, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "பேஷ்!" என்கிறார் சித்தப்பா. அவர் இப்போது இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே சித்தி போன வருஷம் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினாள். வாங்கின நாளிலிருந்து "உர்ர்ர்" என்று ஓர் இரைச்சல்! "பேஷ்" அதில் அமுங்கியே போயிற்று.

கடைக்காரரிடம் முறையிட்டதற்கு, "உங்கள் வீட்டுக் கரண்டில் அழுக்கு இருக்கிறது, மாமி. ஒரு பவர் கண்டிஷனர் போட்டால் தெளிந்துவிடும்" என்றாராம். விலை நாற்பதாயிரத்துக்குக் கிட்டே. சித்தியின் சீட்டுப் பணம் அப்படியே கரைந்துவிடும். நல்லவேளை, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றும் சொல்லியிருந்தார். பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கற்பிக்கும் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன்.

கரண்டில் அழுக்கு என்பது பொய்யல்ல. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் மின்சாரம். மிக்ஸி, ஃபான் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கு எல்லாமே தங்கள் பங்குக்கு அதில் குப்பையைக் கலக்கின்றன. கண்டிஷனருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் அதை வடிகட்டுகின்றன.

நண்பர் முதலில் பிளக் பாயிண்டில் ஒரு மீட்டரைச் செருகினார். மூன்று இலக்கத்தில் ஓர் எண் தெரிந்தது. கண்டிஷனரில் செருகியதும் அது இரண்டு இலக்கமாக இறங்கிவிட்டது.

"குறைந்து போச்சே!" என்று சித்தி குதூகலித்தாள்.

"பிளக்கில் காதை வைத்தா பாட்டுக் கேட்கிறீர்கள், மாமி? ஸ்பீக்கரில் அல்லவா குறைய வேண்டும்?" என்றார் நண்பர்.

பெட்டியின் மேல் '60 டெசிபெல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வோல்ட் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று அர்த்தம். நான் மலைத்துப் போனேன். ஆனால் எந்த இரைச்சலை? இம்மாதிரி வடிகட்டிகள் மும்முரமாக வேலை செய்வது, விநாடிக்கு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அதிர்கிற இரைச்சலின் மேல். நம் காதுக்கு எட்டுவதோ 20-லிருந்து 20,000 வரைதான். தவிர, சோதனைச் சாலையில் வடிகட்டியின் இரண்டு பக்கமும் 50 ஓம் வைத்து அளப்பது வழக்கம். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயருக்கு அந்த நியமமெல்லாம் தெரியாது!

ஆகவே ஸ்பீக்கர் கம்பியிலேயே அளப்பது என்று தீர்மானமாயிற்று. காஸெட் ஓடவில்லை. வால்யூம் குமிழ் நகர்ந்தால் தெரியட்டும் என்று சித்தி அதற்குக் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். லாப்டாப்பில் இரைச்சல் ஒரு கோடாக விழுந்தது. 50-இல் ஒரு மலை. 100-இலும் 150-இலும் குட்டி மலைகள். கண்டிஷனர் இல்லாமல் மூன்று தடவை, இருந்து மூன்று தடவை. கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. பிறகு சித்தியைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, "இப்போது இருக்கிறதா, இல்லையா?" என்று பத்துத் தடவை கேட்டோம். ஐந்து சரி, ஐந்து தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும்!

ஆச்சரியமில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரும் கண்டென்ஸர்களும் இருந்து மின்சாரத்தை வடிகட்டிக்கொள்கின்றன. மேலும் 50 என்பது மின்சாரத்தின் சொந்த அதிர்வு. அதைக் கண்டிஷனர் வடிகட்டினால் கரண்டே வராதே!

அப்படியானால் 'உர்ர்ர்' எங்கிருந்து வந்தது? நண்பர் பின்னாலிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். டி.வி. கேபிளைப் பிடுங்கியதும் மலை பொலபொலவென்று சரிந்தது. பிளக்கின் மூன்றாவது முள் வழியாக ஓர் எர்த். தெருவிலிருந்து வரும் கேபிளில் இன்னோர் எர்த். இரண்டுக்கும் வோல்ட்டில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தால் போதும், நடுவில் ஒரு மின்னோட்டம் சுற்ற ஆரம்பித்து அது பாட்டோடு கலந்துவிடும். வாசலில் சல்லடை கட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். சிலர் இந்த இரைச்சலை ஒழிக்க எர்த் முள்ளையே ஒடித்துவிடுகிறார்களாம். ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஷாக் அடிக்காமல் நம்மைக் காப்பது அந்த முள்தான்.

கண்டிஷனரையும் குறை சொல்லிவிட முடியாது. ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கையில் கேட்கும் 'டப்' குறைந்திருந்தது. மீடியம் வேவ் ரேடியோ கேட்பவர்களுக்கும் அது உதவக்கூடும். சித்தியின் நோய் வேறு, அவ்வளவுதான்.

கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காஸெட்டைப் போட்டோம். "பேஷ்" தெளிவாகக் கேட்டது. சித்தி இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னாள். ஆனாலும் அடியில் மெல்லியதாக ஓர் 'உர்ர்' பாக்கி இருந்தது. நண்பர் லாப்டாப்பைக் காட்டினார். இந்த மலை 50-இல் இல்லை, 51-இல் நின்றது! 1981-லேயே பாட்டோடு பதிவான இரைச்சல் அது. அன்றைய ரெகார்டர் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. இன்றைய டெக் வேகமாகச் சுற்றுவதால் சுருதி ஏறி ஒலிக்கிறது.

"கம்ப்யூட்டரில் போட்டு இதையும் எடுத்துவிடலாம், மாமி."

சித்தி சற்று யோசித்தாள். "அது எங்கள் பழைய கூடத்துச் சத்தம் தம்பி, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள்.

மறுநாள் கண்டிஷனரைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பப்பா, என்ன கனம்!