கேட்பவரின் முகம் எங்கே?

எடுத்து முடித்த காட்சியைப் படத்தொகுப்பு மேசையில் போட்டுப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பாட்டியும் பேத்தியும் திரையில் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவரும் வலப்பக்கம் இருந்த ஏதோ ஒரு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாடத்துக்காக ஆறு நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டியிருந்தது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு மாதம் வெளிநாடு செல்லப்போவதை ஒரு பேத்தி தன் பாட்டியிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டு பக்க வசனம். பேத்தியாக என் தோழி நடித்தார். பாட்டியாக நடித்தவர் என் சொந்தப் பாட்டி, வயது 77. படப்பிடிப்பு நடந்த இடம் அவருடைய மூவறை வீவக வீடு.

கதையைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. அடுத்த பருவத்தில் நானும் அப்படித்தான் போகிறேன். அதைப் பாட்டியிடம் நான் சொன்னது வாசலில் காலணி மாட்டிக்கொண்டே, கைப்பேசியைப் பார்த்தபடி. பாட்டி “ம்” என்றார். நான் மின்தூக்கியைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

முதல் நாள் செய்த பிழைகள்

முதல் நாள் என்னிடம் இருந்த திட்டம் ஒன்றே ஒன்று: யார் பேசுகிறாரோ அவர் பக்கம் கேமராவைத் திருப்பு. உரையாடல் காட்சி என்றால் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டியைக் கதவுப் பக்கத்திலிருந்து எடுத்தோம். பேத்தியை எடுக்கும்போது ஜன்னல் பக்கம் இடம் தாராளமாக இருந்ததால் அங்கே போய் நின்றுகொண்டோம். பிழை இங்குதான் தொடங்கியது. பேசும் இருவருக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே இருக்கும்வரை, ஒருவர் திரையில் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார். பார்வைகள் சந்திக்கும். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பதாகத் தெரியும். இதைத்தான் 180 டிகிரி விதி என்கிறார்கள். தேர்வில் இதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

இரண்டாவது பிழை கேமராவின் உயரம். பேத்தியை எடுக்கும்போது டிரைபாட் அவர் கண் மட்டத்தில் இருந்தது. பாட்டியை எடுக்கும்போது அதை இறக்க மறந்துவிட்டோம். பாட்டி குள்ளம். விளைவு, அவர் வரும் இடங்களில் எல்லாம் படம் அவரைக் குனிந்து பார்த்தது. யாரையும் குறைத்துக் காட்ட நான் நினைக்கவில்லை. ஆனால் கேமரா அதைச் செய்துவிட்டது.

மூன்றாவது, நெத்திலி. காட்சி முழுவதும் பாட்டி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே பேசுகிறார். தூரக் காட்சியில் தட்டு நிறைய நெத்திலி. அடுத்த வினாடி அண்மைக் காட்சியில் பத்துதான் மிச்சம். அதற்கடுத்து மறுபடியும் தட்டு நிறைய. பாட்டி உண்மையாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள்தான் கணக்கு வைக்கவில்லை.

ஆனால், உண்மையான பிழையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஒளிப்பதிவாளர். அவர் சீன நண்பர், தமிழ் தெரியாது. “எனக்கு வசனம் புரியாது. அதனால் முகத்தை மட்டும்தான் பார்க்கிறேன்,” என்றார். “பேத்தி அந்தச் செய்தியைச் சொல்லும் நேரத்தில் பாட்டியின் முகம் எங்கே?”

தேடினேன். இல்லை. பேசியவர்களை மட்டுமே எடுத்திருந்தோம். கேட்டவரை ஒரு வினாடிகூட எடுக்கவில்லை.

காகிதத்தில் தொடங்கிய இரண்டாம் நாள்

அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மாலை 4 மணி முதல் 7 மணி வரை. அதற்குப் பிறகு அத்தை குடும்பத்தார் இரவு உணவுக்கு வந்துவிடுவார்கள்.

இந்த முறை கேமராவைத் தொடுவதற்கு முன் வசனத் தாளை எடுத்துவைத்து இரண்டு கேள்வி கேட்டேன். இது யாருடைய காட்சி? எந்த இடத்தில் அது திரும்புகிறது? அதிகம் பேசுபவர் பேத்தி. ஆனால் மாற்றம் நடப்பது பாட்டிக்குள்ளே. “ஆறு மாதம்” என்ற சொல் அவர் காதில் விழும் இடம்தான் திருப்பம். அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். மிக நெருக்கமான காட்சி அந்த இடத்துக்கு மட்டும்தான் என்று முடிவு செய்தோம். தொடக்கத்திலிருந்தே முகத்தருகே போய்விட்டால், தேவைப்படும்போது நெருங்க இடம் இருக்காது.

பிறகு சமையலறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தோம். மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல், கதவு. நாற்காலிகளுக்கு இடையே கோடு. கேமரா கதவுப் பக்கம் மட்டுமே நிற்கும். அப்படி நின்றால் ஜன்னல் வெளிச்சமும் இருவர் முகத்திலும் பக்கவாட்டில் விழும் என்பது வரைந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் 14 ஷாட் எழுதினேன். ஒவ்வொரு முறை கேமராவை இடம்மாற்றி, விளக்கைச் சரிசெய்து, ஒத்திகை பார்த்து எடுக்க ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும் என்பது முதல் நாள் அனுபவம். எங்களிடம் இருந்தது 180 நிமிடம். கணக்குப் போட்டால் ஏழுதான் வருகிறது. ஆகவே, ஏழு:

1. கதவிலிருந்து தூரக் காட்சி. இருவரும் தெரிய, காட்சி முழுவதும் தொடக்கம் முதல் முடிவுவரை.
2. பேத்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து பாட்டி, இடுப்பு வரை.
3. பாட்டியின் முகம்.
4. பாட்டியின் தோளுக்குப் பின்னாலிருந்து பேத்தி.
5. பேத்தியின் முகம்.
6. கைகளும் நெத்திலியும் மட்டும்.
7. பேத்தி போன பிறகு தனியாகப் பாட்டி.

இரண்டும் நான்கும் ஜோடி, மூன்றும் ஐந்தும் ஜோடி. ஜோடியாக வரும் ஷாட்களுக்கு ஒரே லென்ஸ், ஒரே தூரம், அவரவர் கண் மட்ட உயரம். உயரத்தை அளக்க பாட்டியின் தையல் டேப்பையே பயன்படுத்தினோம்.

உயரம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு பழைய படத்தைச் சொல்லலாம். 1957ல் வெளியான ‘12 ஆங்கிரி மென்’ படம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலே வைத்தார். நடுவில் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் அதற்கும் கீழே இறக்கினார். கூடவே, போகப்போக நீண்ட குவியத் தூரம் கொண்ட லென்ஸ்களுக்கு மாறினார். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாமலேயே அறை சுருங்கிக்கொண்டு வருவதுபோல் இருக்கும்.

விதியை மீறியவர்களும் உண்டு. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1953ல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் 180 டிகிரி கோட்டைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறார். கேமரா தரையில் அமர்ந்தவரின் உயரத்தில் இருக்கும். பேசுபவர்கள் ஏறக்குறைய நம்மைப் பார்த்தே பேசுவார்கள். அது அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்த முறை. நான் முதல் நாள் தாண்டியது, அந்தப் பக்கம் இடம் இருந்தது என்பதற்காக.

வரிசை மாறியது

வழக்கமாகத் தூரக் காட்சியை முதலில் எடுப்பார்கள், பிறகு படிப்படியாக நெருங்குவார்கள். நாங்கள் பாட்டியிலிருந்து தொடங்கினோம். அவர் சீக்கிரம் களைத்துவிடுவார். மேலும், ஒரே வசனத்தைப் பத்து முறை ஒரே மாதிரி சொல்ல அவரால் முடியாது. அதனால் மனப்பாடம் வேண்டாம், கேட்டதற்கு உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டோம். அவர் சொன்னதை எழுதிவைத்து, பேத்தியின் வசனத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டோம். ஜன்னலில் வானம் வெளுப்பாக இருக்கும்போதே தூரக் காட்சி முடிந்தாக வேண்டும் என்பதால் அது அடுத்து. பேத்தியின் ஷாட்கள் கடைசி.

முதல் நாள் பாட்டியைத் தனியாக எடுத்தபோது, சுவரில் ஒட்டிய ஒட்டுநாடாவைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தோம். இந்த முறை தோழி லென்ஸை ஒட்டினாற்போல் உட்கார்ந்து முழு வசனத்தையும் பேசினார். அவர் முகம் பதிவாகாது. ஆனால் பாட்டிக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டுமல்லவா?

நெத்திலியை ஒரே அளவாகப் பல கிண்ணங்களில் பிரித்துவைத்தோம். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு கிண்ணம். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழுந்ததால் அதை அணைத்தோம். திரும்பப் போட மறக்காமல் இருக்க ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு தந்திரம் உண்டு: வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அத்தோடு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்தோம். வசனங்களை ஒட்டும்போது நடுவில் வரும் வெற்றிடத்தை அதுதான் நிரப்பும். ஒளிப்பதிவாளரைப் பார்த்து “சுடா மாக்கான்?” என்று பாட்டி கேட்டதால் அந்த ஒரு நிமிடத்தை இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஷாட்டில்தான் அது நடந்தது. “ஆறு மாசம், பாட்டி” என்றார் தோழி. பாட்டியின் கை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ‘கட்’ சொல்ல வாயெடுத்தேன், ஒளிப்பதிவாளர் கையைக் காட்டித் தடுத்தார். பிறகு பாட்டி தன் தட்டிலிருந்து ஒரு பிடி நெத்திலியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். “போயிட்டு வா. இப்ப இதக் கிள்ளு.”

தாளில் அது இல்லை. இடுப்பு வரை வைத்திருந்ததால் கையும் மேசையும் பதிவாயின. முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அதை இழந்திருப்போம்.

பாட்டியின் நாற்காலி

ஆறு மணிக்குப் பாட்டி படுத்துவிட்டார். நான்காவது ஷாட்டுக்கு அவர் தோள் மட்டும்தான் வேண்டும். அவருடைய சேலையை மேலே போர்த்திக்கொண்டு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளிச்சம் குறைந்துவிட்டதால் ஜன்னலருகே எல்இடி விளக்கை வெள்ளைத் துணி வழியாக விட்டோம்.

“ஆறு மாசம், பாட்டி.”

நான் எழுதிய வசனம். எழுதும்போதும் படித்தேன், முதல் நாள் எத்தனையோ முறை கேட்டேன். எல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது அப்போதுதான். கையில் இருந்த நெத்திலியை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோழிதான் கண்ணால் ஜாடை காட்டினார். ஒரு பிடி எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

தொகுத்து முடித்த காட்சியில், பேத்தி அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவர் முகம் திரையில் இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. திரையில் இருப்பது பாட்டி. 11 வினாடி, வெட்டே இல்லை. ஐந்தாவது ஷாட்டில் பாதிக்குமேல் பயன்படவில்லை. தோழி கோபித்துக்கொள்ளவில்லை.

பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ குறும்படம் எடுக்கப்போகும் நண்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். ஷாட் பட்டியல் எழுதியதும், வசனத் தாளை ஒரு முறை பின்னால் நின்று படியுங்கள். ஒவ்வொரு முக்கியமான வரிக்கும் நேராக, அதைக் கேட்பவரின் முகம் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

அன்று எல்லாரும் கிளம்பிய பிறகு, சாவியை எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். சில்லென்றிருந்தது. மின்விசையைப் போட்டுவிட்டு, எழுந்து வந்த பாட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். மிச்சமிருந்த ஒரு கிண்ணம் நெத்திலியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, நான் எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று முதலிலிருந்து சொன்னேன்.

பாட்டி தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தார். “அதான் சாயங்காலம் முழுக்க அந்தப் புள்ள சொல்லிச்சே,” என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். “சரி, நீ சொல்லு.”