பழைய கம்ப்யூட்டருக்கு விடை கொடுக்கலாமா?

கூடத்து மூலையில், பூவேலை செய்த உறைக்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறதே, உங்கள் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டர், அதைத்தான் சொல்கிறேன். பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய், காப்பி கலந்து, ஆற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்த பாடில்லை. "புதுசு வாங்கிவிடலாம், அம்மா" என்கிறான் பிள்ளை. "ஓடுகிற மட்டும் ஓடட்டுமே!" என்கிறார் அவன் தகப்பனார். தீர்ப்பு உங்கள் கையில்!

அவசரப்படாதீர்கள். பல வீடுகளில் தகராறு செய்வது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அதற்குள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை தட்டு சுழல்கிறது. ஒரு சின்னஞ்சிறு கை அங்குமிங்கும் ஓடி விஷயத்தைத் தேடி எடுக்கிறது. அதற்குப் பதிலாகச் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். அதே பெட்டிதானா என்று சந்தேகம் வந்துவிடும்! ராம் 4 ஜி.பி.தான் என்றால் 8 ஆக்கலாம். ஆனால் ரவிக்கைத் துணி மாதிரி இதிலும் பொருத்தம் உண்டு. டி.டி.ஆர்.3 உள்ள பலகையில் டி.டி.ஆர்.4 நுழையாது. பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவது உத்தமம். திறக்கும்போதெல்லாம் தேதி தப்பாகக் காட்டுகிறதா? காசு போன்ற சி.ஆர்.2032 பாட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகப் பெட்டியையே தலைமுழுகியவர்களும் உண்டு, பாவம்!

நிற்க. எல்லாப் பெட்டிக்கும் வைத்தியம் பலிக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. உங்களுடையது அதற்கும் மூத்ததானால், பாங்குக் கணக்கைப் பழைய விண்டோஸில் திறக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக்கொண்டால் கடிதம் எழுத, பாட்டுக் கேட்க, குழந்தைகள் பாடம் படிக்கத் தாராளமாக உதவும். மதர்போர்டே போய்விட்டதென்றால் மட்டும் தயங்க வேண்டாம், புதுசுதான். ரிப்பேர்ச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் அப்படியே என்பது என் கட்சி.

இன்னொன்று. பெட்டிக்குள்ளிருந்து "டக், டக்" என்று சத்தம் கேட்கிறதா? உடனே நிறுத்துங்கள், ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல், விஷயம் தெரிந்தவரைக் கொண்டு உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பழைய சாமான்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும், அந்த டிஸ்க்கைக் கழற்றாமல் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பெண்ணின் கல்யாணப் படங்கள் அதற்குள்தானே இருக்கின்றன?