மாநகர் காணும் வகை

இம்மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபொழுது, இலண்டன் மாநகரைப் பற்றி எழுதுவதற்கு இனி என்ன உண்டு என்றே முதலில் எண்ணினேன். நம் பழைய மாணவர் பலர் அந்நகரிலேயே வாழ்கின்றனர். ஆயினும் விடுமுறையிற் சென்று பார்ப்பவன் காண்பது வேறு. அங்கே தொழில் செய்து வாழ்பவன் காண்பது வேறு. ஆகவே துணிந்தேன்.

மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் நாளிலேயே பேரனையும் அழைத்துக்கொண்டு ஏழு இடங்களைப் பார்த்து முடித்தேன். இரவு உணவின்போது, "அப்பா, என்ன பார்த்தீர்கள்?" என்று மகள் வினவினாள். கால் நோவைத் தவிர எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. பேரனுக்கோ திரபல்கர் சதுக்கத்துச் சிங்கங்களும் ஓர் ஐஸ்கிறீமும் நினைவில் இருந்தன. மறுநாள் தொடக்கம் நாளொன்றுக்கு ஓரிடம் என விதித்துக்கொண்டோம். தேசிய ஓவியக்கூடம், பிரித்தானிய நூதனசாலை போன்ற பெருஞ்சாலைகளின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவாவும் ஆதலால் எழுவதில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, வேண்டுமானால் நாளைக்கும் போகலாம்.

போக்குவரத்துக்கு நிலக்கீழ்ப் புகையிரதமே வசதி. இன்று அது மின்சாரத்தில் ஓடுவதாயினும், 1863ஆம் ஆண்டில் உலகிலேயே முதலாவதாக அது தொடங்கியபோது நீராவி எந்திரங்களே சுரங்கத்தினுட் புகை கக்கிக்கொண்டு இழுத்தன. நாம் வழங்கும் பெயர் அக்காலத்துக்கு நன்றாகவே பொருந்தும்! அதன் வரைபடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1933இல் ஹரி பெக் என்னும் வரைஞர் ஆக்கிய அமைப்பே இன்றும் வழக்கில் உள்ளது. மின்சுற்றுப் படத்தைப்போல நேர்கோடுகளால் ஆன அப்படம், எந்நிலையத்தின்பின் எந்நிலையம் என்பதைத் தெளிவாகக் காட்டும், தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கொவென்ற் கார்டனுக்கும் இடையே கால் மைல்கூட இல்லை. இதை அறியாது நாங்கள் படியிறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மீண்டும் மேலேறி வந்தோம். நடந்திருந்தால் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்போம்.

நினைவுச் சின்னங்கள் அந்நகரில் எண்ணில. அவற்றுள் 'மொனியுமென்ற்' என்றே பெயர் பெற்ற தூணை மாத்திரம் சொல்லுகிறேன். 1666 செப்ரெம்பர் 2ஆந் திகதி புடிங் லேன் என்னும் ஒழுங்கையில், ஒரு பாண் வெதுப்பகத்தில் எழுந்த தீ நான்கு நாள் எரிந்து 13,200 வீடுகளையும் 87 கோயில்களையும் அழித்தது. அதன் நினைவாக 1671 முதல் 1677 வரை கட்டப்பட்டது இத்தூண். சென் போல்ஸ் பேராலயத்தை அமைத்த கிறிஸ்தோப்பர் றென்னும், விஞ்ஞான மாணவர் அறிந்த றொபேட் ஹுக்கும் இதனை அமைத்தனர். உயரம் 202 அடி. தூணை அடியோடு சாய்த்துக் கிழக்கே கிடத்தினால் அதன் உச்சி தீ தோன்றிய இடத்தைத் தொடும் என்பது கணக்கு. ஹுக் அதனைத் தொலைநோக்கியாகவும் பயன்படுத்த எண்ணியிருந்தார். 311 படிகளையும் ஏறினோம். பேரன் எண்ணிக்கொண்டே ஏறினான். யான் எண்ணும் நிலையில் இல்லை.

ஆனால் என்னைச் சிந்திக்கவைத்தது அடிப்பீடத்து எழுத்தே. கத்தோலிக்கரே தீ வைத்தனர் எனப் பொருள்படும் வாசகம் 1681இல் அங்கே சேர்க்கப்பட்டது. அது பொய். அரசுரிமை மாறியபோது அழிக்கப்பட்டு, மீண்டும் மாறியபோது திரும்ப வெட்டப்பட்டு, ஈற்றில் 1830ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. கல்லில் எழுதியது என்பதனால் மாத்திரம் ஒன்று மெய்யாகிவிடாது என்று பேரனுக்குச் சொன்னேன். "அப்படியானால் யார் எழுதியது என்று பார்க்க வேண்டுமோ, அம்மப்பா?" என்று கேட்டான். சரித்திர பாடத்தில் யான் முப்பது ஆண்டு சொல்லிக் கொடுக்க முயன்றது அவ்வளவே.

பிரித்தானிய நூதனசாலைக்கு ஐந்து நாள் சென்றோம். ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் தம் வாழ்நாளிற் சேர்த்த பொருள்களைக்கொண்டு, 1753இல் பாராளுமன்றச் சட்டத்தினால் நிறுவப்பெற்று, 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது அது. கூட்டம் மிக நெருங்குவது ரொசெற்றாக் கல்லின் முன்னேதான். கி.மு. 196இல் ஐந்தாம் தொலமி மன்னன் காலத்துப் பிறந்த ஒரே ஆணை, எகிப்தியச் சித்திர எழுத்திலும், அந்நாட்டுப் பொதுவழக்கு எழுத்திலும், கிரேக்கத்திலும் வெட்டப்பட்டுள்ளது. அறிந்த கிரேக்கத்தைத் துணைக்கொண்டு அறியாத சித்திர எழுத்தை வாசிக்கும் வழியை 1822இல் சாம்போலியன் கண்டார். கல்லின் முன்புறத்தை எல்லோரும் பார்க்கின்றனர். பக்கங்களையும் பார்க்க வேண்டும். 1801இல் பிரித்தானியப் படை எகிப்தில் கைப்பற்றியது என ஒருபுறமும், மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வழங்கியது என மறுபுறமும் வெண்ணிறத்தில் தீட்டியிருக்கின்றனர். முன்பு 1799இல் அதனைக் கண்டெடுத்தவர் பிரெஞ்சுப் படையினர். எகிப்தியர் பெயர் எப்பக்கத்திலும் இல்லை.

அதேபோல் ஏதென்ஸ் நகரத்துப் பாத்தினன் சிற்பங்கள் 1816இல் 35,000 பவுணுக்கு எல்ஜின் பிரபுவிடமிருந்து வாங்கப்பட்டவை. கிரேக்கர் அவற்றைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த அமராவதித் தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலும், 1859இற் கப்பலேறிய பகுதி இங்கேயும் உள்ளன. இவற்றையெல்லாம் ஒருவாறு அமைதியாகவே பார்த்து வந்தேன்.

பின்னர் தாரா தேவியின் முன் வந்தோம். எட்டாம் நூற்றாண்டளவில் வெண்கலத்திற் கெட்டியாக வார்த்துப் பொன் பூசிய திருவுருவம். ஆளுயரத்துக்குச் சற்றே குறைவு. வலக்கை வரமருளும் நிலையில் தாழ்ந்திருக்கின்றது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததெனவும், தேசாதிபதியாயிருந்த றொபேட் பிறவுண்றிக் 1830இல் வழங்கினார் எனவும் நூதனசாலை கூறுகின்றது. மேலாடையின்றி நிற்கும் அவ்வுருவம் அக்காலத்தவர்க்குக் கூச்சம் தந்தமையால் நெடுநாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லையாம். வழிபட்டோர் கண்ணுக்குத் தாயாக நின்றவள் அவர்கள் கண்ணுக்கு வேறாகத் தோன்றினாள் போலும்.

"அம்மப்பா, இது எங்களுடையதென்றால் ஏன் கேட்டு வாங்கக் கூடாது?" என்றான் பேரன். 1963ஆம் ஆண்டுச் சட்டம் சில விலக்குகள் தவிர எதனையும் கொடுத்துவிடுவதற்கு இடந்தரவில்லை என்று விளக்கினேன். பிறிதொரு வாதமும் உண்டு. இங்கே வந்ததனாலேயே இவை பிழைத்தன என்பர். அதனையும் சொல்ல வாயெடுத்தேன். இயலவில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மறுநாட் காலை அச்சாம்பலை மிதித்தவன் யான். அங்கே எரிந்த ஓலைச்சுவடிகள் இம்மண்டபத்தில் இருந்திருப்பின் எரிந்திரா. அவ்வாறு எண்ணிய கணமே வெட்கமும் வந்தது. ஒருவன் வீடு எரிந்தது என்பதனால் அவன் அயலவன் வீட்டுப் பொருள் எடுத்தவனுக்கு உரியதாகுமா? அன்று பேரனுக்கு ஒரு விடையும் கொடுத்தேனல்லேன். விடை இன்றும் என்னிடம் இல்லை.

ஆயினும் ஒரு காரியம் செய்தேன். ஊர் திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கிய மறுநாள், 1877இல் திறக்கப்பட்ட நம் தேசிய நூதனசாலைக்குச் சென்றேன். ஆறு ஆண்டு அந்நகரில் உத்தியோகம் பார்த்து, நாடோறும் அதன் அயலால் பஸ்ஸிற் போனவன். உள்ளே சென்றது அன்றே முதன்முறை. அங்கே இருக்கின்றது காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்துக் கொணர்ந்தது. ரொசெற்றாக் கல்லில் ஒரே செய்தியே மும்முறை வருகின்றது. இக்கல்லிலோ சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமியர் வணங்கும் இறைவனையும் போற்றுகின்றன. மூவர்க்கும் காணிக்கை ஒத்த அளவினதே. 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, எண்ணெய் என நிரல் நீளுகின்றது. பாரசீக எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது.

தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சிலவிடங்களில் தோற்றேன். அதுவரையில் அக்கல்லின் அருகே வேறொருவரும் வந்திலர். பேரன் கோடை விடுமுறைக்கு வருகின்றான். முதல் நாளை அக்கல்லுக்கென ஒதுக்கிவைத்துள்ளேன். தோற்ற இடங்களைக் கடதாசியிற் குறித்தும் வைத்திருக்கிறேன்.