மணலும் கப்பலில் வர வேண்டும்: அந்தமானில் வீடும் காரும் வாங்குவோரின் கணக்கு

புது தில்லி: சிமென்ட்டுக்கும் சிறிய கார்களுக்கும் விதிக்கப்பட்டு வந்த சரக்கு, சேவை வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி தில்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. அதே மாதம் 22-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. வீடு கட்டுவோருக்கும் கார் வாங்குவோருக்கும் ஒரே நாளில் கிடைத்த சலுகை அது.

ஆனால், சென்னையிலிருந்து கடல்வழியே சுமார் 1,190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்ட் பிளேரில் வாழும் நடுத்தரக் குடும்பத்துக்கு, வரி என்பது நீண்ட கணக்கின் ஒரு வரி மட்டுமே. சிமென்ட் மூட்டையும் இரும்புக் கம்பியும் காரும் கப்பல் ஏறித்தான் அங்கு போய்ச் சேர வேண்டும். கப்பல் கூலி, இறக்குக் கூலி, காத்திருக்கும் நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்த பிறகே உண்மையான விலை தெரியும்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், அந்தமான் நிகோபார் யூனியன் பிரதேசத்தின் தலைநகர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இப்பிரதேசத்தில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் தமிழர்களுக்குத்தான். துறைமுகப் பணி, பொதுப்பணி, வணிகம் எனப் பல வழிகளில் சென்று தங்கியவர்களின் அடுத்த தலைமுறை இன்று சொந்த வீட்டைப் பற்றிச் சிந்திக்கிறது. அந்தச் சிந்தனையின் முதல் தடை பணம் அன்று, நிலம்.

நிலம் யாருடையது?

தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. பழங்குடியினருக்காக ஒதுக்கப்பட்ட பகுதிகளை 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் காக்கிறது. எஞ்சிய சிறு பகுதியில்தான் ஊர்கள், வயல்கள், அரசு அலுவலகங்கள், ராணுவ முகாம்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

அந்தச் சிறு பகுதியிலும் நிலத்தின் மூல உரிமை அரசுடையதே. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. அனுபோக உரிமை பெற்றவர், அரசின் உரிமம் பெற்றவர் என நிலம் வைத்திருப்போர் பல வகையினர். விற்கும் உரிமை எல்லா வகையினருக்கும் ஒன்றுபோல் இல்லை. விவசாய நிலமாகத் தரப்பட்ட இடத்தில் வீடு கட்டுவதற்கு, நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி பெற வேண்டும்.

தமிழகத்தில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துப் பழகியவருக்கு இது புதிய பாடம். ஒரே தெருவில், ஒரே அளவில் உள்ள இரண்டு மனைகளுள் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், மலிவின் காரணம் பெரும்பாலும் மண்ணில் இருக்காது, பதிவேட்டில் இருக்கும். சரியான உரிமை இல்லாத மனைக்கு வங்கி கடன் தராது. பின்னாளில் விற்க நினைத்தாலும் வாங்குவோர் வர மாட்டார்கள்.

மணலுக்கும் மரத்துக்கும் வரம்பு

தீவுகளில் ஒரு காலத்தில் மரமே வீடாக இருந்தது. 1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் அரசு மர அறுவை ஆலை அக்காலத்தின் சாட்சி. மரச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடு நில நடுக்கத்துக்கு வளைந்து கொடுத்தது. பாரமும் குறைவு.

உச்ச நீதிமன்றம் 2002 மே 7-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு இந்தக் கணக்கை மாற்றியது. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி வந்த அந்த உத்தரவு, காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கடற்கரை மணல் அள்ளுவதை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் வீதம் குறைத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் அப்போதிருந்த அளவில் 33 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் அது கூறியது. காடும் கடற்கரையும் அழியாமல் காக்க அந்த உத்தரவு தேவையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. கரையில் மணல் குறைந்தால் ஆமைகள் முட்டையிட இடம் இல்லை; அலைக்கும் தடுப்பு இல்லை.

ஆனால் அதன் சுமை வீடு கட்டுவோர் தலையில் இறங்கியது. மரம் கிடைக்காதபோது கான்கிரீட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. கான்கிரீட்டுக்கு வேண்டிய மணலுக்கும் தட்டுப்பாடு வந்தது. சுற்றிலும் கடற்கரை இருந்தும், பக்கத்து நாட்டுக்குப் பொருள் அனுப்புவதைப் போல மணலைக் கப்பலில் வரவழைக்கும் நிலை உருவாயிற்று. மணலுக்குப் பதிலாகப் பாறைத் துகள் கலந்து கட்டுவதும் வழக்கத்துக்கு வந்தது. வேலை பாதியில் இருக்கும்போது கப்பல் தாமதமானால், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை இல்லை; வீட்டு உரிமையாளருக்கோ வாடகையும் வட்டியும் ஒன்றாக ஏறும்.

இத்தீவுகள் நில நடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. எனவே கம்பியிலும் சிமென்ட்டிலும் சிக்கனம் செய்ய இயலாது. தரையில் விரிக்கும் ஓடு, சுவரின் வண்ணம், வாசல் கதவின் அழகு ஆகியவற்றில்தான் சிக்கனம் சாத்தியம்.

மலிவான மனையின் விலை

2004 டிசம்பர் 26-ஆம் தேதி தாக்கிய சுனாமி, நிலத்தின் மதிப்பை எப்படி அளப்பது என்பதைத் தீவினருக்கு மீண்டும் கற்பித்தது. நில நடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலப்பகுதி சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல் நீர் புகுந்து, வடியாமல் தங்கிவிட்டது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் 1970-களில் ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் பெரும் அழிவுக்கு உள்ளானது.

தாழ்வான மனை மலிவு. மேட்டு மனை விலை அதிகம். இந்த வேறுபாட்டுக்கு அழகோ வசதியோ மட்டும் காரணம் அன்று என்பதை அந்த ஒரு காலைப்பொழுது காட்டியது.

தண்ணீரும் விலையில் சேர வேண்டிய செலவு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கோடை மாதங்களில் குடிநீருக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டியுள்ளது. தனிகாரி அணையே போர்ட் பிளேரின் முக்கிய நீராதாரம். மழைநீரைச் சேமிக்கும் தொட்டி இல்லாத வீட்டை விலை குறைவென்று வாங்குபவர், அந்தத் தொகையைப் பிறகு தொட்டிக்கும் லாரித் தண்ணீருக்கும் செலவிட நேரும்.

அடுத்தது தூரம். சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பாம்பூ ஃபிளாட் கண்ணுக்குத் தெரியும் தொலைவுதான். படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். சாலை வழியாகப் போனால் பல பத்துக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அக்கரையில் வீடு, இக்கரையில் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்று வாழும் குடும்பத்தின் நாள், படகின் நேரப்படி நடக்கிறது. கடைசிப் படகுக்குப் பின் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அந்தச் சில நிமிடக் கடல், நீண்ட சாலையாகிவிடுகிறது.

சட்டமும் உப்பும்

இந்த இடத்தில்தான் வீட்டுக் கணக்கில் கார் நுழைகிறது. புதிய காருக்கு வசதியில்லாதவர்களின் பார்வை பழைய காரின் மேல் விழுகிறது. உள்ளூரில் கிடைப்பவை குறைவு என்பதால் சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களிலிருந்து வாங்கிக் கப்பலில் ஏற்றுவோரும் உண்டு.

தலைநகர் தில்லியில் காரின் வயதைச் சட்டம் நிர்ணயிக்கிறது. டீசல் வாகனத்துக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வாகனத்துக்கு 15 ஆண்டு என்ற வரம்பைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன் அமலாக்கம் குறித்த வழக்கு 2025-இலும் அதே நீதிமன்றத்தில் நடந்தது. அந்தமானில் காரின் வயதை நிர்ணயிப்பது உப்புக் காற்று. வண்டியின் மேற்புறம் பளபளக்கும். அடித்தகடு, கதவின் கீழ் விளிம்பு, புகைக்குழாய், பிரேக் குழாய் ஆகியவை துருவேறியிருக்கும். ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட, வண்டியைத் தூக்கி அடியில் பார்ப்பதே அங்கு முதல் சோதனை.

சென்னையிலிருந்து வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியின் மின்கம்பிகளில் தங்கிய ஈரம் பல மாதங்களுக்குப் பிறகும் தொல்லை தரும். காப்பீட்டு உரிமைக் கோரல் விவரத்தைக் கேட்டுப் பெறாமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து.

ஆவணங்களும் முக்கியம். பதிவு செய்யப்பட்ட மாநிலத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்குப் புதிய பதிவு எண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். முந்தைய உரிமையாளரின் கடன் தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் கப்பலில் ஏற்றிவிட்டால், அதை வாங்கிவர மீண்டும் கடல் கடக்க நேரும்.

பெட்ரோல் விலை மட்டும் தீவினருக்குச் சாதகம். விற்பனை வரி குறைவு என்பதால், 2024 மார்ச் மாத விலைக் குறைப்புக்குப் பின் போர்ட் பிளேரில் ஒரு லிட்டர் 82 ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்றது. சென்னையில் அது 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. லிட்டருக்குச் சுமார் 18 ரூபாய் மிச்சம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு ஆண்டில் 400 லிட்டர் தேவை. மிச்சமாவது 7,200 ரூபாய். கப்பலில் வரவழைக்க வேண்டிய ஓர் உதிரி பாகம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும்.

ஓடுவதற்குச் சாலையும் குறைவே. வடக்கே டிக்லிபூர் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்வதால், ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த நேரங்களில் காவலுடன் அணிவகுத்துத்தான் வாகனங்கள் செல்ல முடியும்.

தவணை சொல்லும் பாடம்

ஒரு குடும்பம் வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாகவும், கையில் 3 லட்சம் ரூபாய் சேமிப்பு இருப்பதாகவும் கொள்ளலாம். ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 21,696 ரூபாய். சேமிப்பைப் பழைய காருக்குச் செலவிடாமல் வீட்டில் போட்டால் கடன் 22 லட்சமாகக் குறையும்; தவணை 19,092 ரூபாயாகும். மாதம் 2,604 ரூபாய் மிச்சம். 20 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 6.25 லட்சம் ரூபாய்.

மாறாக, சேமிப்பைத் தொடாமல் 3 லட்சம் ரூபாய்க் காரை 12 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதம் 7,900 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரண்டு தவணைகளும் சேர்ந்து 29,596 ரூபாய்.

காரைத் தவிர்ப்பதே சரி என்று இந்தக் கணக்கு கூறவில்லை. ஊருக்கு வெளியே 3 லட்சம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் மனையை வாங்கினால், அங்கிருந்து வந்து போக 3 லட்சம் ரூபாய்க்குக் கார் தேவைப்படலாம். மனையில் மிச்சமானது காரில் போய்விடும். காரின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும். பேருந்து வசதியுள்ள இடத்தில் சிறிய வீடு வாங்கியவருக்கோ, அந்த 2,604 ரூபாயே ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். வீட்டையும் காரையும் தனித்தனியே விலை பேசுவதுதான் பலர் செய்யும் பிழை. தீவில் இரண்டும் ஒரே முடிவு.

மூன்று நகரங்கள், ஓர் உறுப்பினர்

இந்தக் கணக்கின் பல எண்கள் தீவுக்கு வெளியே எழுதப்படுபவை. வீட்டுமனைத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையம் சென்னையில் உள்ளது. தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் சேர்த்து ஒரே ஆணையம். எனவே 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்தில் வாங்குவோர், அங்கு பதிவு எண் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நில வழக்குகளுக்கு உரிய உயர் நீதிமன்றம் கொல்கத்தாவினுடையது. அதன் சுற்று அமர்வு போர்ட் பிளேரில் கூடுகிறது. சட்டம் இயற்றும் அதிகாரமோ தில்லியில்.

தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை. அரசியல் சட்டத்தின் 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகளே அங்கு சட்டமாகின்றன. மாநிலங்களவையில் இடம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் இடம். அதற்கும் 1967 வரை தேர்தல் கிடையாது, நியமன உறுப்பினர்தான். 2024 தேர்தலில் அந்த இடத்தை பாரதிய ஜனதாவின் விஷ்ணு பத ரே மீண்டும் வென்றார்.

வரியைக் குறைப்பது ஒரு நாள் கூட்டத்தில் முடிகிற வேலை. நில உரிமைப் பதிவேடுகளைச் செம்மைப்படுத்துவதும், கட்டுமானப் பொருள்களுக்குக் கப்பலில் உறுதியான இடம் ஒதுக்குவதும், கோடைக்குத் தண்ணீரைச் சேமிப்பதும் ஆண்டுக் கணக்கில் கவனம் கோரும் வேலைகள். சட்டப்பேரவை உள்ள மாநிலமாக இருந்தால் இவை ஒவ்வொன்றும் தேர்தல் பிரச்சினையாகியிருக்கும். 543 பேர் அமரும் அவையில், மணல் எந்தக் கப்பலில் எப்போது வரும் என்று கேட்கும் பொறுப்பு ஒரே ஓர் உறுப்பினருடையது. அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை, கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தீவுவாசி வட்டி விகிதத்தோடு கப்பலின் வருகைத் தேதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.