காவலுக்குக் கூலி

ஒரு தெருவில் துணிக்கடைகள் பல இருக்கலாம். ஒரு கடையில் விலை மிகுதி என்றால் மக்கள் அடுத்த கடைக்குச் செல்வர். ஆயின், அத்தெருவில் எரிவாயுக் குழாய் ஒன்றுதான் செல்லும். மின்கம்பி வரிசையும் ஒன்றுதான் இருக்கும். பத்துக் கம்பெனிகள் பத்துக் குழாய்களைப் புதைப்பது வீண் செலவு. ஆதலின், இத்தகைய தொழிலில் ஒரு வட்டாரத்திற்கு ஒரு கம்பெனியே அமைகிறது. விலை ஏறினாலும் குறை நேர்ந்தாலும் மக்கள் வேறிடம் செல்ல இயலாது. அவர்களுக்காகக் கட்டணத்தை ஆராய்ந்து வரையறுக்கவும், பாதுகாப்பை மேற்பார்க்கவும் அரசு ஒரு காவலனை அமர்த்துகிறது. அக்காவலனே ஒழுங்குமுறை ஆணையம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வாணையம் முதலில் இரயில்வே ஆணையமாக இருந்தது. 1911-ஆம் ஆண்டில், ஹைரம் ஜான்சன் ஆளுநராக இருந்தபோது, மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினர். அதன் பயனாக மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, தண்ணீர் ஆகியவற்றை வழங்கும் தனியார் கம்பெனிகளும் அதன் மேற்பார்வைக்குள் வந்தன. 1946-இல் அது பொதுப்பயன்பாட்டு ஆணையம் என்னும் பெயரைப் பெற்றது. ஆளுநர் அமர்த்தும் ஐவர் அதன் உறுப்பினர். ஒவ்வொருவர்க்கும் பதவிக்காலம் ஆறு ஆண்டு.

இக்காவலனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? நம் நாட்டுச் சிற்றூர்களில் முன்னாளில் காவற்காரனுக்கு அறுவடையில் ஒரு பங்கு தானியம் அளப்பது வழக்கம். எவருடைய பயிர் காக்கப்பட்டதோ அவரே கூலி தந்தார். கலிபோர்னியாவின் ஏற்பாடும் ஏறத்தாழ இத்தகையதே. மின்சாரம் பயன்படுத்துவோர் யூனிட்டுக்கு இவ்வளவு என ஒரு சிறு தொகையைத் தம் கட்டணச் சீட்டின் வழியே செலுத்துகின்றனர். கம்பெனி அதனைத் திரட்டி ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. யூனிட்டுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். மாதம் 500 யூனிட் செலவிடும் குடும்பம் தருவது அரை டாலரே. ஆயினும் பல இலட்சம் குடும்பங்களின் சிறு துளிகள் சேர்ந்து பெருவெள்ளம் ஆகின்றன.

காவலனுக்குக் கூலி மட்டும் போதுமா? கூரிய கண்ணும் வேண்டும். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் மாலையில், சான் புரூனோ என்னும் ஊரில் நிலத்தடி எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. எண்மர் மாண்டனர், 38 வீடுகள் அழிந்தன. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை ஆராய்ந்தது. 1956-இல் பதிக்கப்பட்ட அக்குழாய்ப் பகுதி, பற்றவைப்பு இல்லாத குழாய் என்று கம்பெனியின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது குறையுள்ள பற்றவைப்புகளால் இணைக்கப்பட்ட குழாய். ஏட்டில் ஒன்று, மண்ணில் வேறொன்று! கம்பெனியின் குறையை ஆணையம் கண்டறியத் தவறியதையும் வாரியம் சுட்டிக்காட்டியது.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் பெரிது. கம்பெனிகளிடம் கணினிகளும் வரைபடங்களும் நிறைந்துள்ளன. வீடுகளிலுள்ள நவீன மீட்டர்கள் மணிதோறும் கணக்கு அனுப்புகின்றன. காவலனோ பழைய கோப்புகளைப் புரட்டிக் கொண்டிருந்தால், கம்பெனி சொன்னதே கணக்கு என்றாகிவிடும். ஆகவே, பதிவுகளை ஒப்பிடும் கணினி முறையும், ஆபத்துள்ள இடங்களைக் காட்டும் வரைபடங்களும் ஆணையத்திற்கு இன்றியமையாதவை. காட்டுத்தீ அபாயம் மிகுந்த பகுதிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை இவ்வாணையம் 2018-இல் ஏற்றுக்கொண்டது.

தவறு செய்யும் கம்பெனியிடம் பெறும் தண்டத்தொகையால் இச்செலவை நடத்தலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். சான் புரூனோ வெடிப்புக்காக 2015-இல் ஆணையம் விதித்த தண்டம் 160 கோடி டாலர். ஆனால், அதில் 30 கோடி டாலர் மாநிலப் பொது நிதிக்கும், 40 கோடி டாலர் கட்டணக் கழிவாக மக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. பெரும்பகுதி குழாய்களின் பாதுகாப்புக்கு உரியதாயிற்று. தண்டத்தால் வாழும் நடுவன், குற்றங்கள் பெருகுவதையே விரும்பத் தொடங்குவான். பொது வரியை நம்பினாலோ, அரசின் வருவாய் குறையும் ஆண்டில் காவலும் குறையும்.

எனினும், கட்டண முறையிலும் ஓர் அச்சம் உண்டு. வேறு வழியற்ற மக்களிடம் சிறிது சிறிதாகத் திரட்டும் பணம் கண்ணுக்குப் புலப்படாமல் பெருகலாம். வறியவர்க்கு அரை டாலரும் பொருட்டே. வேலியே பயிரை மேயாதிருக்க, வேலிக்கும் ஓர் எல்லை வேண்டும். ஆதலின், சட்டமன்றம் ஒப்பிய வரவுசெலவுத் திட்டத்தின் அளவிற்கே ஆணையம் கட்டணம் விதிக்கலாம் எனச் சட்டம் வரையறுக்கிறது. அப்பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது.

காவலைப் பேணுவது ஆட்சியின் கடமை; காவலனிடம் கணக்குக் கேட்பது குடிமக்களின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமிடத்தில், மக்கள் தரும் சிறு காசு அவர்தம் உயிருக்கே அரணாகும்.