உங்களுக்குத் தெரியுமா? ஒலிகள் கூட்டமாகத்தான் இடம் மாறும்

♦ பத்து பகாட் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் ‘பத்து’ எண் அல்ல, கல். முதல் எழுத்தை ‘அம்பு’வில் வரும் பு போல மெலிதாகச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்திலும் மூவார், பொந்தியான் பக்கமும் ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டு மொழியில் கல்லுக்கு ‘வத்து’. ஒரு சொல் மட்டும் தற்செயலாகத் திரிந்துவிட்டது என்று தள்ளிவிட முடியாது. நிலா மலாயில் புலான், ஜாவா மொழியில் வுலான். இரும்பு பெசி, வெசி. உரோமம் புலு, வுலு. இவற்றில் மூத்தது எது? பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியிலும் கல் ‘பாத்தோ’, நிலா ‘புவான்’. ஆக மூத்தது ப. வ ஆக்கியவர்கள் ஜாவாக்காரர்கள்.

♦ கன்னடத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். நம் வில் அங்கே பில்லு, வேர் பேரு, வாய் பாயி, விரல் பெரளு, வெள்ளி பெள்ளி. (இந்தப் ப எல்லாமே ‘அம்பு’ பு தான்.) ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் ஒரே பாதையில் எதிரெதிராக நடந்திருக்கின்றன. இரண்டு ஒலிக்கும் வேலை செய்வது உதடுதான்: மூடித் திறந்தால் ப, மூடாமல் நெருங்கினால் வ.

♦ அப்படியானால் கன்னடத்தின் பழைய வல்லொலிப் ப எங்கே போனது? ஹ ஆகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இவை இன்னும் ப-வோடுதான் நிற்கின்றன. மலாயில் நெருப்பு ‘ஆப்பி’. ரயிலைக் ‘கெரெத்தா ஆப்பி’ என்று சொல்லாத ஜோகூர்வாசி உண்டா? அதே நெருப்பு சமோவாவில் ‘ஆஃபி’, நியூசிலாந்து மவோரி மக்களிடம் ‘ஆஹி’. ப-விலிருந்து ஹ-வுக்குப் போகும் வழியில் ஃப என்று ஒரு படி உண்டு என்பதற்குச் சமோவாக்காரர்களே சாட்சி.

♦ ஏழு மலையாளத்தில் ஏழு, கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. கோழியும் அப்படியே: கோழி, கோளி, கோடி. தெலுங்கர் வீட்டில் ‘கோடி’ சமைத்திருப்பதாகச் சொன்னால் வாயைப் பிளக்க வேண்டாம்.

♦ கன்னடத்தின் கிவி தமிழில் செவி, அங்கே கெம்பு என்றால் இங்கே செம்மை. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் வந்த பழைய க், தமிழில் ச் ஆனது. பிறகு ஏன் கிளி ‘சிளி’ ஆகவில்லை, கேள் ‘சேள்’ ஆகவில்லை, கீழ் ‘சீழ்’ ஆகவில்லை? அடுத்து நாக்கை வளைத்துச் சொல்லும் ட, ள, ழ போன்ற எழுத்து வந்தால் க் தப்பித்துக்கொள்ளும். விதிவிலக்குக்கும் ஒரு விதி! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

♦ தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று முதலில் அச்சில் நிறுவியவர் கால்டுவெல் அல்லர். அவருடைய நூல் வந்தது 1856இல். சென்னையில் பணியாற்றிய பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1816லேயே அதை எழுதிவிட்டார்.

♦ கடை, முதல், கட்டில், பெட்டி: நான்கும் தமிழிலிருந்து மலாய்க்குப் போனவை. சொல்லின் நடுவே ஒற்றையாக வரும் ட, த நம் வாயில் மெலிந்து ஒலிக்கும். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். நம் எழுத்து இந்த வேறுபாட்டைத் தனியாகக் காட்டாது. மலாய் காட்டுகிறது! ரூமி எழுத்தில் கடைக்கும் முதலுக்கும் மெல்லொலிக்கான எழுத்து, கட்டிலுக்கும் பெட்டிக்கும் வல்லொலிக்கான எழுத்து. நம் இரட்டிப்பையும் ட, த வேறுபாட்டையும் மலாய் கைவிட்டது. வன்மை மென்மையை மட்டும் விடவில்லை. ‘வகை’யும் ‘பாகாய்’ என்று அங்கே வாழ்கிறது: வ, ப ஆகிவிட்டது, க, ‘தங்க’த்தில் உள்ளதுபோல் மெலிந்தது. கடன் போன சொற்களே நம் பழைய உச்சரிப்பைப் பதிவுசெய்த ஒலிநாடா ஆகிவிட்டன.

♦ மலாயில் ‘என்ன’ என்பதற்கு ‘ஆப்பா’. கெடாவில் கடைசி எழுத்தை ஆ என்றே திறந்து சொல்வார்கள். கிளந்தானிலும் நெகிரி செம்பிலானிலும் அது ஒகரத்தின் பக்கம் சாயும். ஜோகூரில் வாய் அவ்வளவு திறக்காது. நாக்கு சும்மா கிடக்கும்போது வருகிற மங்கலான உயிரொலிதான் கேட்கும். தேசிய வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளில் நெடுங்காலமாகக் கேட்டதும் இந்த ஜோகூர்–ரியாவ் பாணிதான். எழுதியபடியே ஆ என்று ஒலிக்கும் ‘பாக்கு’ முறையை 1988இல் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள், 2000இல் கைவிட்டார்கள். இந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் பழைய ஒலிக்குத் திரும்பியபோது, பாலத்துக்கு அப்பால், 1993இல் அதே முறையை ஏற்றுக்கொண்ட சிங்கப்பூரின் மலாய் வகுப்புகளில் பாக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.