கரண்ட் இல்லை, குழாய் இல்லை... ஆனாலும் இடம் கிடைப்பது கஷ்டம்! - அமெரிக்காவின் பாக்ஸ்டர் பூங்கா ஏன் இப்படி?

கூடாரம் அடிக்க இடம் உண்டு, கரண்ட் கிடையாது. குழாய்த் தண்ணீர், தார்ச்சாலை எதுவும் இல்லை. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வளர்ப்பு நாயைக் கூட்டிப் போகவும் தடை. இருந்தும், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் கோடைக்கால வார இறுதிகளில் தங்க, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள்.

யார் இந்த பாக்ஸ்டர்?

பெர்சிவல் பாக்ஸ்டர், 1921 முதல் 1925 வரை மெய்ன் மாநில ஆளுநர். மாநிலத்தின் மிக உயரமான கட்டாடின் மலையை (5,267 அடி) அரசே வாங்கிப் பூங்காவாக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். சட்டமன்றம் இசையவில்லை. 'சரி, நானே வாங்குறேன்' என்பதுபோல, பதவியை விட்டு இறங்கிய பிறகு 1930-ல் சொந்தப் பணத்தில் மலையை உள்ளடக்கிய சுமார் 6,000 ஏக்கரை வாங்கி, அடுத்த ஆண்டே மாநிலத்துக்குக் கொடுத்தார். 1962 வரை இப்படியே வாங்கி வாங்கிக் கொடுத்ததில், நிலம் 2 லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

முக்கிய நிபந்தனை: காடு காடாகவே இருக்க வேண்டும். பராமரிப்புக்கும் தனியாக நிதி விட்டுச் சென்றார். அதனால் இங்கே இயற்கைதான் முதலில்; மனிதர்களின் பொழுதுபோக்கு அப்புறம்தான்.

இத்தனை கெடுபிடி எதுக்கு?

மலையடிவார வாகன நிறுத்தங்களில் இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. அது நிறைந்துவிட்டால் அந்தப் பாதையில் ஏற வேறு நாள் பார்க்க வேண்டியதுதான். கொண்டுபோன குப்பையைத் திரும்பச் சுமந்துவர வேண்டும். வெளிமாநில விறகுக்கும் தடை. மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு ஒட்டிக்கொண்டு வந்து காட்டையே அழித்துவிடலாம்.

ராத்திரி தங்கினால்?

ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். கருங்கரடிகள் நடமாடும் காடு என்பதால், பிஸ்கெட் பாக்கெட்டைக்கூட கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. டார்ச், மழை உடை, கம்பளி எல்லாம் கட்டாயம். குளிரைத் தாங்க முடியாமல் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைத்தால், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மலை ஏறுவது லேசா?

இல்லவே இல்லை. 'ஹன்ட்' பாதையில் போய்வர சுமார் 10 மைல். நடந்து முடிக்க ஒரு முழுப் பகல் தேவை. சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் நடைபாதை, இதே பாதை வழியாகத்தான் சிகரத்தில் போய் முடிகிறது. மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் உயரத்தில் காற்றும் மின்னலும் வந்தால் ஒதுங்க இடமே இல்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அந்த உயரத்துக்கு அழைத்துச் செல்ல அனுமதியும் இல்லை.

அதனால் அதிகாலையில் கிளம்ப வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டால், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இறங்கும்போதுதான் கால் தளரும். இருட்டிவிட்டால் பாறையில் ஒரு சறுக்கல் போதும். உதவிக்கு ஆள் வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம்.

வசதி செய்து தர வேண்டாம் என்று முடிவெடுத்த பூங்கா இது. இங்கே போகிறவர்கள், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தயாராகித்தான் போக வேண்டும்.